சொசைட்டி போனால் அந்த இடத்துக்கு வருவது பேங்க் அல்ல

புதுச்சேரிப் பக்கம் அரியூர், வில்லியனூர், பாகூர் என்று எங்கே போனாலும் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே புத்திமதிதான் கிடைக்கிறது. "பெரிய பேங்க்ல கணக்கு வெச்சுக்க. கடன் வேணும்னாலும் அங்கயே கேளு. சொசைட்டி பக்கம் போயிடாத, அது எப்ப மூழ்கும்னு தெரியாது." டவுனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள். கூட்டுறவுக் கடன் சங்கம் என்றால் அவர்களுக்கு அப்பா காலத்துச் சமாச்சாரம். யூரியா மூட்டை வாங்கவும், தள்ளுபடி எப்போது வரும் என்று காத்திருக்கவும் உள்ள இடம். விவரம் தெரிந்தவன் அங்கே போகமாட்டான் என்பது ஊரில் எழுதாத சட்டமாகிவிட்டது.

இந்த நினைப்பு தவறானது. அதனால் நஷ்டப்படப்போவது குறுவிவசாயியும் கூலி வேலைக்குப் போகும் பெண்களும்தான். சொசைட்டியை விட்டு நாம் வெளியேறினால் அந்த இடத்தைப் பெரிய வங்கி வந்து நிரப்பும் என்று நம்புகிறோம். நிரப்பப்போவது வேறு ஆட்கள். அவர்கள் ஏற்கெனவே தெருவுக்குள் வந்துவிட்டார்கள்.

முதல் வாதத்திலிருந்து வருகிறேன். பெரியது என்றால் பத்திரம் என்கிறார்கள். நமக்குப் பக்கத்துப் பெருநகரத்தின் கதையே இதற்குப் பதில் சொல்லும். சென்னையில் 1906ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தது. அன்றைய மதராஸில் அதைவிடப் பெரிய பெயர் அதிகம் இல்லை. வெள்ளைக்காரர் நடத்துவது, பரம்பரையானது, மாளிகை போன்ற அலுவலகம் என்று நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. அந்த அடியிலிருந்துதான், நம் பணத்துக்கு நாமே ஒரு வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் மற்றவர்களும் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். புதுச்சேரிக்கு இன்று முன்னோடி வங்கி அதுதான். அந்த வங்கியே 1995-96ஆம் ஆண்டில் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. அரசு முதலீடு போட்டுத் தூக்கி நிறுத்தியதால் இன்று நன்றாக நடக்கிறது. 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் என்ன ஆயிற்று? ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று தடை வந்தது. கடைசியில் அது சிங்கப்பூரைத் தாயகமாகக் கொண்ட டி.பி.எஸ். வங்கியோடு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் எஸ் வங்கிக்கு 50,000 ரூபாய் வரம்பு விதித்தார்கள்.

இந்த மூன்று வங்கிகளிலும் பணம் போட்டவர்கள் தப்பித்தார்கள் என்பது உண்மை. அவர்களைக் காப்பாற்றியது ரிசர்வ் வங்கியும் அரசும் சட்டமும். கட்டடத்தின் உயரமோ கிளைகளின் எண்ணிக்கையோ அதைச் செய்யவில்லை. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, அந்தப் பாதுகாப்பு ஏன் கிராமத்துச் சொசைட்டிக்கு இல்லை என்பதை. சொசைட்டிக்கு ஏன் போகிறாய் என்று விவசாயியைக் கேட்பதில் பயனில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு சொல்லும் ஒன்றை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு வங்கி, தனியார் வங்கி, கிராம வங்கி, மாநிலக் கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கிராமத்துத் தொடக்கக் கடன் சங்கத்துக்குப் பொருந்தாது. அதில் போட்ட டெபாசிட் போனால் காப்பீட்டுக் கழகம் கொடுக்காது. ஆகவே மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும், ரிட்டையர்மென்ட் பணத்தையும் காப்பீடு உள்ள வங்கியில்தான் வைக்க வேண்டும். கூட்டுறவின் மேல் எனக்குள்ள பற்றுக்காக இதை மறைத்தால் அது துரோகம்.

ஆனால் அரியூர்ப் பக்கத்து ஒரு காணி நிலக்காரருக்கு அன்றாடக் கவலை டெபாசிட்டா? சம்பா நடவுக்குக் கையில் காசு வேண்டும். களை எடுக்கும் ஆளுக்கு அன்றன்றே கூலி கொடுக்க வேண்டும். அடியுரம் போட்ட பிறகு மேலுரம் தாமதமானால் பயிர் மஞ்சளாகி நிற்கும். அவர் கேட்பது கடனை, அதுவும் பருவத்தோடு கேட்கிறார். டெபாசிட் வைத்திருப்பவரின் பயத்தைக் கடன் கேட்பவரின் தலையில் ஏற்றிவிட்டுத்தான் நம் ஊர்ப் புத்திமதி நடக்கிறது.

அடுத்த வாதம் மோசடி. "பி.எம்.சி. பேங்க் கத என்னாச்சு? கேரளாவுல கருவன்னூர்ல என்னாச்சு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2019 செப்டம்பரில் பி.எம்.சி. வங்கி முடங்கியபோது முதலில் 1,000 ரூபாய் மட்டும் எடுக்கலாம் என்றார்கள். ஆனால் அது கிராமத்துச் சங்கம் இல்லை. பல மாநிலங்களில் கிளை பரப்பி, 11,000 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் திரட்டி, கொடுத்த கடனில் பெரும்பகுதியை மும்பையின் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொட்டிய நகரக் கூட்டுறவு வங்கி. பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெரிய ஆளை நம்பிக் கவிழ்ந்தது. அதைக் காட்டிச் சிறிய சங்கத்தைத் திட்டுவது பொருந்தாது. கருவன்னூர் விவகாரம் வேறு மாதிரி. திருச்சூர் மாவட்டத்து ஊர்ச் சங்கம் ஒன்றில், உள்ளே இருந்தவர்களே போலி ஈடு காட்டிக் கடன் எடுத்தது 2021இல் வெளியே வந்தது. அது கூட்டுறவுக்கு வெட்கக்கேடு. நிர்வாகக் குழுவை ஆண்டுக்கணக்காக யாரும் எதிர்த்துக் கேட்காத இடத்தில் அப்படித்தான் நடக்கும்.

அதே அளவுகோலைப் பெரிய வங்கிக்கும் வையுங்கள். வைர வியாபாரி நீரவ் மோடி விவகாரத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கியில் போனது 13,000 கோடி ரூபாய்க்கு மேல். 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் ஏறக்குறைய பாதி பெரிய தொழில் நிறுவனங்களுடையது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்பது சரிதான். ஆனால் அரியூர்க்காரரின் 50,000 ரூபாய் பாக்கியைப் பற்றிப் பேசும்போது மட்டும் "விவசாயிக்குக் குடுத்தா திரும்பாது" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஏமாந்த கதை அரியூருக்கே உண்டு. டெபாசிட்தாரர் நலனைக் காக்கப் புதுச்சேரி 2004இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நிதி நிறுவனங்கள் பொதுமக்களிடம் பணம் வாங்கித் திருப்பித் தராமல் போனால் சொத்தை முடக்கலாம் என்கிற சட்டம். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்த வழக்கு, அரியூர் சர்க்கரை ஆலையை நடத்திவந்த நியூ ஹொரைசன் சுகர் மில்ஸ் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. இந்தச் சட்டம் தேவைப்பட்டது சொசைட்டிகளைக் கட்டுப்படுத்த இல்லை. கூடுதல் வட்டி தருகிறேன் என்று அழைத்த தனியார் நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்த. ஊரில் பலருக்கு "நிதி"யும் சீட்டுக் கம்பெனியும் சொசைட்டியும் ஒன்றுதான். ஒன்று கவிழ்ந்தால் பழி மூன்றின் மேலும் விழுகிறது. சொசைட்டி 1972ஆம் ஆண்டுப் புதுச்சேரிக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான, அரசு தணிக்கை செய்யும் அமைப்பு. இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாறுவதும் தவறு, பழிப்பதும் தவறு.

இப்போது கடன் கொடுக்கும் இடத்துக்குப் போவோம். பயிர்க்கடன் வட்டி இரண்டு இடத்திலும் ஒன்றுதானே என்பார்கள். காகிதத்தில் ஒன்றுதான். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காடு. தவணை தவறாமல் கட்டினால் 4 விழுக்காடு. ஈடு இல்லாமல் 2 லட்சம் வரை கொடுக்கலாம் என்று 2025 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியும் சொல்லிவிட்டது. ஆனால் கொடுக்கலாம் என்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவே ஒரு மேஜை இருக்கிறது. அந்த மேஜைக்குப் பின்னால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார். வந்திருப்பவருக்குத் தமிழே தெரியாமல் இருக்கலாம். வரப்பு எது வாய்க்கால் எது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கவில்லை, ஆனால் உழுவது இவர்தான் என்பதை அவரிடம் எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பது? வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவரின் பாடு இன்னும் மோசம். அந்த மேனேஜர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தெரியாத ஆளுக்குக் கடன் கொடுக்கப் பயப்படுவது அவர் வேலை.

சொசைட்டியில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். நகைக்கடன் வாங்க வந்த பெண் தாலிச்சரடு தவிர்த்து ஒரு ஜோடி கம்மலையும் ஒரு செயினையும் மேஜைமேல் வைக்கிறார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டுப் பார்த்து, தராசில் வைத்து எடையைச் சொல்கிறார். செயலாளர் பெயர் கேட்பதில்லை; மாமியார் பெயர் சொல்லி விசாரிக்கிறார். பயிர்க்கடன் என்றால் ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி உரமாகவும் கிடைக்கும். இந்த ஆள் நட்டாரா, நட்டது கரும்பா நெல்லா, தண்ணீர் யார் போரிலிருந்து வருகிறது என்பது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடன் கொடுப்பதில் இதைவிடப் பெரிய ஈடு எதுவும் கிடையாது.

தற்செயலாக வந்த குணம் இல்லை இது. கூட்டுறவுக் கடனின் அஸ்திவாரமே இதுதான். ஜெர்மனியில் ரைஃபைசன் 1860களில் கிராமத்துக் கடன் சங்கங்களை அமைத்தபோது, ஒருவரையொருவர் அறிந்தவர்கள் வாழும் சிறு எல்லைக்குள்தான் சங்கம் இருக்க வேண்டும் என்று வைத்தார். சென்னை மாகாண அரசு இதை ஆராய ஃபிரெடெரிக் நிக்கல்சனை அனுப்பியது. அவர் 1890களில் கொடுத்த அறிக்கை, ரைஃபைசன் வழிதான் நம் கிராமங்களுக்கு ஏற்றது என்றது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் பதிவாயின. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. இங்கே பெரிய வங்கிக்குப் பஞ்சமில்லை. 1875இல் பாரிஸில் தொடங்கிய இந்தோசீன வங்கிக்குப் புதுச்சேரியில் கிளை இருந்தது. அது காலனி வாணிபத்துக்காக ஏற்பட்ட வங்கி. வில்லியனூரில் ஏர் பிடித்தவருக்காக ஏற்பட்டதில்லை. சிறிதாக இருப்பதைச் சொசைட்டியின் குறை என்று எண்ணுகிறவர்கள், சிறிதாக இருப்பதால்தான் அது வேலை செய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதை மறுப்பவர்களில் பலர் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள். அவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் அலுவலகத்துப் பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர்தானே? தங்கை கல்யாணத்துக்கும் வீட்டு மாடி கட்டவும் அங்கேதானே கடன் போட்டீர்கள்? சம்பளத்தில் பிடித்தம், உடன் வேலை செய்பவர் ஜாமீன், ஆண்டுக்கு ஒருமுறை பங்கு ஈவு. அது ஒழுங்காக நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் நீங்கள் வாங்கும் பாண்லே பாலும் கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகத்தான் வருகிறது. உங்களுக்கு நல்லதாக இருக்கும் கூட்டுறவு, ஊரிலுள்ள உங்கள் அண்ணனுக்கு மட்டும் எப்படிக் கெட்டதாகும்?

பெரிய வங்கியில் செலவில்லை என்று நினைப்பவர்கள் பாஸ்புக்கை வரிவரியாகப் படிக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். கட்டணம், ஏ.டி.எம். கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் குறைந்தபட்ச இருப்பு அபராதமாக ஏறக்குறைய 8,500 கோடி ரூபாய் வசூலித்திருக்கின்றன. கணக்கில் பணம் இல்லாதவரிடமிருந்துதானே இந்தப் பணம் எடுக்கப்பட்டது? எதிர்ப்புக்குப் பிறகு 2025இல் இந்தியன் வங்கி உள்ளிட்ட சில அரசு வங்கிகள் அபராதத்தைக் கைவிட்டன, நல்லது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி, மாநகரங்களில் புதுக் கணக்குக்கு 50,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்று அறிவித்துவிட்டு, கண்டனம் எழுந்ததும் 15,000 ஆகக் குறைத்தது. அரியூரில் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த முடிவுகளில் எதிலும் வாக்கு கிடையாது. சொசைட்டியில் பங்குத் தொகை கட்டியவருக்கு ஒரு வாக்கு உண்டு. பத்துக் காணிக்காரருக்கும் அதே ஒரு வாக்குதான்.

இனி நான் முதலில் சொன்ன வேறு ஆட்களைப் பற்றி. சுதந்திரத்துக்குப் பின் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு 1954இல் வெளியானது. விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு அப்போது 3 விழுக்காட்டுச் சொச்சம். அவ்வளவு பலவீனமாக இருந்தது கூட்டுறவு. அந்தக் காலியிடத்தைப் பெரிய வங்கிகள் நிரப்பினவா? அவற்றின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. நிரப்பியவர்கள் வட்டிக்கடைக்காரர்கள். 1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பிறகுதான் கிளைகள் கிராமத்துக்கு வந்தன. அதுவும் அரசு விரட்டியதால் வந்தன.

இன்றைக்கு வட்டிக்கடைக்காரரின் உடை மாறியிருக்கிறது. வாரத்தில் ஒருநாள் காலையில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வருகிறான். ஒருத்தி தவணை கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்டும் வரை யாரும் எழுந்து போகமுடியாது. வட்டி ஆண்டுக்கு 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஒரு குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன், அதை அடைக்கத் தனியார் நகைக்கடன் கம்பெனியில் கம்மல். பெரிய வங்கிகள் இந்தக் குழுக்கடன் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கடன் கொடுக்கின்றன. கிராமத்துப் பணம் வங்கிக்குப் போய், அங்கிருந்து கம்பெனிக்குப் போய், மூன்று மடங்கு வட்டியோடு அதே கிராமத்துக்குத் திரும்பி வருகிறது. சொசைட்டி பலமாக இருக்கும் ஊரில் அந்தப் பெண்கள் வாசலில் உட்கார வேண்டிய அவசியம் குறையும். பெரிய பேங்குக்குப் போ என்று புத்தி சொல்பவர்கள் கணக்கில் கொள்ளாதது இதைத்தான்.

கடைசி வாதம் அரசியல். இதில் கூட்டுறவின் மேல் குற்றம் உண்டு. அரியூரை அடுத்த கண்டமங்கலம் தமிழ்நாடு. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி அறிவித்து, விசாரித்தபோது முறைகேடுகள் வெளிவந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளுபடி என்றதும் இந்தப் பக்கமும் எதிர்பார்ப்பு கிளம்புகிறது. ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளி ஆகிறார். அடுத்த பருவத்தில் அவரும் கட்டுவதில்லை. வெள்ளத்திலும் வறட்சியிலும் பயிர் போனவருக்கு நிவாரணம் வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் எல்லோருக்கும் தள்ளுபடி என்பது சங்கத்தின் உயிரை உறிஞ்சும். நம் புதுச்சேரியின் லிங்கா ரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் கூட்டுறவு என்றாலே கசப்பு வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கசப்பிலிருந்து நாம் எடுக்க வேண்டிய முடிவு, உறுப்பினர்கள் ஒதுங்கியதால்தான் அரசியல்வாதி உள்ளே வந்தார் என்பது. நாம் இன்னும் ஒதுங்கினால் அவருக்கு இன்னும் வசதி.

2022 ஜூனில் மத்திய அரசு நாடெங்கும் 63,000 தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டர் கணக்கை எழுதும், கேள்வியைக் கேட்காது. கேட்க வேண்டியவர்கள் உறுப்பினர்கள்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். சேமிப்பைக் காப்பீடு உள்ள வங்கியில் வையுங்கள்; அது அரசு வங்கியாகவோ மாநிலக் கூட்டுறவு வங்கியாகவோ இருக்கட்டும். பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் அவசர நகைக்கடனுக்கும் உங்கள் ஊர்ச் சொசைட்டியில் உறுப்பினராக இருங்கள். உறுப்பினராக இல்லையென்றால் இந்தப் பருவத்துக்குள் பங்குத் தொகை கட்டிச் சேருங்கள். வாங்கிய கடனைத் தவணைக்குள் கட்டுங்கள். பொதுப்பேரவைக் கூட்ட நோட்டீஸ் ஒட்டினால் போய் உட்காருங்கள். கடைசித் தணிக்கை அறிக்கை எங்கே, அதிகப் பாக்கி வைத்திருப்பவர்கள் யார், தேர்தல் எப்போது நடத்தப்போகிறீர்கள், எங்கள் டெபாசிட்டுக்குக் காப்பீடு கேட்டு அரசுக்கு எழுதினீர்களா என்று நான்கு கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும் வரை உட்காராதீர்கள். பெரிய வங்கியின் கூட்டம் உங்களுக்கு எட்டாத ஊரில் நடக்கும். இந்தக் கூட்டம் உங்கள் ஊரில் நடக்கிறது. இதில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.